அந்த ஒரு வரியில் மட்டும் வரும் கண்ணீர்

மார்ச் 3, ஞாயிறு

கர்த்தருக்குள் அன்பான தம்பிக்கு, அக்கா எழுதுவது.

இன்று காலை ஆராதனையில் மேடையில் இருந்தவர்கள்: பாடலை நடத்திய உன் மனைவி, கீபோர்டு வாசிக்கும் ஃப்ரிட்ஜ் மெக்கானிக், டிரம்ஸ் அடிக்கும் அவருடைய மைத்துனன், ஓரத்தில் நாற்காலி போட்டு பாஸ்டர். கீழே எங்கள் பெஞ்சில் நான், உன் அத்தான், எனக்கு இடப்பக்கம் தையல்காரம்மா. தையல்காரம்மா கண்ணை மூடியிருந்தார். அத்தானும் மூடியிருந்தார், ஆனால் அதற்குக் காரணம் வேறு. இவ்வளவு விவரம் எதற்கென்றால், நான் சொல்லப் போவதை என்னோடு சேர்ந்து பார்த்தவர் யாரும் இல்லை. பார்த்தது நான் ஒருத்திதான். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம்.

ஜெப நேரத்தில் உன் கண் மட்டும் ஏன் திறந்திருந்தது என்று கேட்பாய். பல வாரமாக மனதில் ஒரு சந்தேகம். அதைக் கண்ணை மூடிக்கொண்டு தீர்க்க முடியாது.

விஷயம் இதுதான். உன் மனைவி பாடும்போது அழுகிறாள். அழட்டும், கர்த்தருடைய சமூகத்தில் அழாமல் வேறு எங்கே அழுவது. ஆனால் அந்த அழுகை எப்போதும் ஒரே இடத்தில் வருகிறது. ‘கதவு’ பாட்டில் "திறந்து வைத்தேன் தேவா" என்று குரல் மேலே ஏறுமே, அங்கே. அதற்கு முந்தின வரி வரை முகம் தெளிவாக இருக்கும். அந்த வரி வந்ததும் வலது கை மேலே போகும், தலை குனியும், மைக் வாயை விட்டு விலகும், தோள் குலுங்கும். சபை பொங்கிக்கொண்டு அந்த வரியைப் பாடும். குரல் இறங்கும் இடத்தில் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி சேர்ந்துகொள்வாள். வேறு பாட்டு என்றாலும் இதே கதைதான். ஏறுகிற வரியில் கண்ணீர், இறங்குகிற வரியில் கைக்குட்டை.

பரிசுத்த ஆவியானவர் வரி பார்த்தா இறங்குவார்?

நான் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவள் இல்லை. வேதத்தை எழுத்துக்கூட்டிப் படித்துத்தான் வாசிக்கவே கற்றேன். அதனால் பாட்டைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி உண்டா தெரியாது. ஆனால் பால் எப்போது பொங்கும் என்பதும் எப்போது பொங்க வைக்கப்படுகிறது என்பதும் எனக்குத் தெரியும். தையல்காரம்மாவோ, "உங்க தம்பி சம்சாரம் பாடினா எனக்கு உள்ளேயே கரைஞ்சு போகுது" என்கிறார். கரைகிறவர்களை நினைத்தால்தான் எனக்குப் பயம். நடிப்பைப் பார்த்துக் கரைந்தால் அது யாருக்குப் போய்ச் சேரும்?

நீ கிரேன் வேலைக்கு வெளிநாடு போகும் முன், இங்கே இருந்த காலத்தில் அவள் அழுது நான் பார்த்ததில்லை. அந்த மேல் வரியை எட்டிப் பிடித்து, கூரைத் தகடு அதிர நிறுத்துவாள். இப்போது என்ன வந்தது? உனக்கு ஏதாவது தெரியுமா?

அக்கா

மார்ச் 14

அக்காவுக்கு,

நலம். போனில் பேசினால் அறையில் இருக்கும் நாலு பேரும் காது கொடுப்பார்கள். அதனால் நானும் கடிதமே எழுதுகிறேன்.

உனக்கு வேறு வேலை இல்லையா? சின்ன வயதில் நான் கொட்டாவி விட்டதை "ஜெபத்துல தூங்கறான்" என்று அப்பாவிடம் கொண்டுபோனவள்தானே நீ. ஒரு மனுஷி பாடும்போது அழுதால் அதற்கும் ரசீது கேட்பாயா? அவள் இயல்பே அப்படி. விட்டுவிடு.

இத்தோடு மடித்து வைத்துவிட்டேன். வேலைக்குப் போய் வந்து மறுபடி பிரித்திருக்கிறேன்.

ஒன்று கேட்கிறேன். கையைத் தூக்குகிறாள் என்றாயே, எப்படித் தூக்குகிறாள்? விரல் விரிந்திருக்குமா, மடங்கியிருக்குமா? கிரேன் கூண்டில் உட்கார்ந்திருக்கும் எனக்குக் கீழே நிற்கிற ஆளின் கைதான் கண். விரல் சுழன்றால் தூக்கு, முஷ்டி மூடினால் நில். அவன் சும்மா வானத்தைப் பார்த்துக் கையாட்ட மாட்டான். ஒரு கை ஒரே இடத்தில், ஒரே மாதிரி மேலே போகிறதென்றால், அதைப் பார்க்க எங்கேயோ ஓர் ஆள் இருக்கிறான்.

இன்னொன்றும் இருக்கிறது. அவள் இப்போதெல்லாம் என்னோடு போனில் பேசுவதில்லை. லைன் சரியில்லை என்று செய்தி மட்டும் அனுப்புகிறாள். முன்பு ஒவ்வொரு ஞாயிறும் ஒரு பாட்டாவது பாடிவிட்டுத்தான் வைப்பாள். இப்போது கேட்டால் தலைவலி, வேலை, நாளைக்கு.

பார்த்து எழுது.

தம்பி

மார்ச் 25

கர்த்தருக்குள் அன்பான தம்பிக்கு,

நீ கேட்டபடி பார்த்தேன். ஐந்து விரலும் விரிந்து மேலே போகிறது, பிறகு மெதுவாக மூடுகிறது. மூடியதும் கீபோர்டு சத்தம் கூடுகிறது. நேற்றும் அப்படித்தான்.

ஆனால் நான் எழுத வந்தது அதைவிடப் பெரிது. சனிக்கிழமை ஒத்திகைக்குப் போனேன். ஒத்திகை பார்க்க என்று சொல்லிப் போகவில்லை. பூச்சாடித் தண்ணீரை மாற்றுகிறேன் என்று பாஸ்டரம்மாவிடம் சொல்லிவிட்டு, நாற்காலி அடுக்கியிருக்கும் அறையில் நின்றேன். ஆலயத்துக்குள் இருந்தவர்கள்: உன் மனைவி, மெக்கானிக், டிரம்ஸ் தோலை இறுக்கிக்கொண்டிருந்த மைத்துனன். என் காதால் கேட்டதை அப்படியே எழுதுகிறேன், ஒரு சொல் கூட்டவில்லை.

மெக்கானிக் சொன்னார்: "சிஸ்டர், இந்தப் பாட்டுல கையை ஒரு வரி முன்னாடியே தூக்கிடுங்க. போன வாரம் லேட்டாயிடுச்சு. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும்."

அவள் கேட்டாள்: "அப்ப அழுகைய எங்க ஆரம்பிக்கிறது?"

"கை மூடும்போது. அங்கேர்ந்து நான் பாத்துக்கறேன்."

தம்பி, என் கையில் இருந்த பூச்சாடி கீழே விழாதது கிருபைதான். அழுகைக்கு ஒத்திகை பார்க்கிறார்கள். கல்யாண வீட்டில் வீடியோக்காரர், "இன்னொரு தடவ மாலையப் போடுங்க" என்பாரே, அது போல. ஞாயிறன்று அதே இடத்தில் அதே கண்ணீர். பக்கத்தில் தையல்காரம்மா கைக்குட்டை நனைய உட்கார்ந்திருந்தார். எனக்கு ஒரு சொல்கூட ஜெபம் வரவில்லை. அவளைக் கணக்குப் பார்த்துக்கொண்டே முழு ஆராதனையும் போய்விட்டது.

சொல்லாமல் விடக் கூடாது என்பதால் இதையும் சொல்கிறேன். வியாழக்கிழமை அவள் மெக்கானிக்கின் வேனில் டவுனுக்குப் போனாள். முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் கேட்டதற்குத் துணிக்கடை என்றாள். அவள் கையில் துணி எதையும் நான் பார்க்கவில்லை.

உனக்காகவும் அவளுக்காகவும் ஜெபிக்கிறேன்.

அக்கா

ஏப்ரல் 5

அக்கா,

போதும். புரிந்துவிட்டது.

என் மனைவி இனி மேடை ஏற வேண்டாம் என்று பாஸ்டருக்கு எழுதிவிட்டேன். அவளுக்கும் எழுதிவிட்டேன். காரணம் எழுதவில்லை. காரணம் அவளுக்குத் தெரியும்.

ஜூன் விடுப்புக்கு நான் வரவில்லை. கிரேன் ஓட்ட ஆள் இல்லை, நானே இருக்கிறேன் என்று சொன்னேன். சூப்பர்வைசருக்கு ஏக சந்தோஷம். இங்கே மேலே கூண்டுக்குள் ஏறிவிட்டால் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

வேறு யாராக இருந்தாலும் மறைத்திருப்பார்கள். நீ சொன்னாய். நல்லது செய்தாய். அந்த மெக்கானிக்கை இனி உன் வீட்டு வாசலிலும் சேர்க்காதே.

தம்பி

ஏப்ரல் 15

கர்த்தருக்குள் அன்பான தம்பிக்கு,

உன் கடிதத்தை நின்றபடியே படித்தேன். பிறகு உட்கார்ந்து படித்தேன். நான் எழுதியது ஒன்று, நீ படித்தது வேறு. நான் சந்தேகப்பட்டது அவள் பக்தியை. அவள் நடத்தையைப் பற்றி ஒரு சொல்லும் நான் எழுதவில்லை. ஒத்திகையில் மைத்துனனும் இருந்தான் என்று எழுதியிருந்தேனே, அது உன் கண்ணில் படவில்லையா? அழுகையைப் பற்றி எழுத உட்கார்ந்தவள் வேனைப் பற்றி எதற்கு எழுதினாய் என்று நீ திருப்பிக் கேட்டால் அது நியாயமான கேள்வி. அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

நேற்று பாடல் நடத்தியவர் பாஸ்டர். தையல்காரம்மா என் காதருகே, "பாவம், பிரசங்கத்தையே இழுத்துப் பாடறாரு" என்றார். சபை வாயைத் திறக்கவே இல்லை. உன் மனைவி கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவளும் திறக்கவில்லை.

ஆராதனை முடிந்து அவள் வீட்டுக்குப் போனேன். அடுப்படியில் இருந்தவர்கள்: அவள், மெக்கானிக்கின் மனைவி. இவள் தலைமேல் துண்டைப் போட்டுக்கொண்டு ஆவி பிடித்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மா வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் செருப்பைக் கழற்றாமலேயே விசாரிக்க ஆரம்பித்தேன். அவள் துண்டை விலக்கிப் பேச வாயெடுத்தாள். சைக்கிள் டியூபில் காற்று இறங்குவது போல ஒரு சத்தம். அவ்வளவுதான்.

தொண்டையில், குரல் பிறக்கும் இடத்தில், சின்னதாக ஒரு கட்டி. கெட்ட கட்டி இல்லையாம். பேச்சைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். மேல் குரல் முன்பே போய்விட்டது, இந்த வாரம் பேச்சும் கட்டிவிட்டது. திரும்புமா என்று அவராலேயே சொல்ல முடியவில்லை. வேன் போனது அந்த டாக்டரிடம்தான். மெக்கானிக்கின் மனைவி என்னிடம் சொன்னதையும் எழுதுகிறேன்: "பின் சீட்டுல நான்தானே இருந்தேன். கண்ணாடி வழியா உங்களுக்கு ஸ்தோத்திரம்கூடச் சொன்னேன். நீங்க முன் சீட்டவே முறைச்சுட்டு இருந்தீங்க."

கை தூக்குவது மெக்கானிக்குக்குத்தான். அதில் நீ சொன்னது சரி. குரல் எட்டாத வரி வரப்போகிறது, சத்தத்தைக் கூட்டு, சபையைப் பாட வை என்பதற்கு அடையாளம்.

"அப்ப அந்த அழுகை?" என்று கேட்டேன்.

அவள் மெல்லச் சொன்னாள், நின்று நின்று. "மொதல்ல பொய்தான் அண்ணி. குரல் வரலங்கறது தெரியக்கூடாதுன்னு தலையக் குனிஞ்சேன். குனிஞ்சா, எனக்குப் பதிலா மொத்த சபையும் அந்த வரியப் பாடுது. அதக் கேட்டதும் நெஜமாவே வந்துடுது. இப்ப எது எதுன்னு எனக்கே பிரிச்சுப் பாக்கத் தெரியல."

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்றேன். அவள் துண்டை மடித்து மடியில் வைத்தாள். பிறகு சொன்னாள்: "அவரு என்னப் பாக்கறதுக்கு முன்னாடி என் குரலத்தான் கேட்டாரு. மழைக்கு ஒதுங்கி ஆலயத்து வாசல்ல நின்னப்ப. அது போச்சுன்னு சொன்னா ஒரு வார்த்தை தப்பாப் பேச மாட்டாரு. பரவாயில்லம்பாரு. அந்தப் பரவாயில்லயத்தான் என்னால கேக்க முடியாது."

என்னைப் பற்றி உனக்குத் தெரியும். அப்போதும் நான் நம்பவில்லை. பாடு என்றேன். ‘கதவு’ பாட்டைப் பாடினாள். மேல் வரி வரும்போது அவள் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தேன். தொண்டை ஏறியது, நரம்பு புடைத்தது, வாய் திறந்தது. ஒலி இல்லை. அந்த வரி அடுப்படியில் பாதியில் நின்றது. எனக்கு அது பொறுக்கவில்லை. நானே அதைப் பாடி முடித்தேன். மெக்கானிக்கின் மனைவி வெந்நீர்ப் பாத்திரத்தோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவளுக்கு இன்றைக்கே எழுது.

அக்கா

ஏப்ரல் 25

அக்கா,

உன் கடிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறேன். எல்லாம் உன் கையெழுத்து. ஒன்றில் அழுகை நடிப்பு, இன்னொன்றில் நிஜம். நான் எந்த அக்காவை நம்புவது?

அவள் உன்னையும் பேசி மாற்றிவிட்டாளோ என்று நினைக்கிறேன். மெக்கானிக் வீட்டில் உன் பழைய ஃப்ரிட்ஜைச் சும்மா சரிபண்ணிக் கொடுத்துவிட்டார்களா? நீ பாடினாய் என்கிறாய். நீ பாடி நான் கேட்டதே இல்லை. உதட்டை மட்டும் அசைப்பாய்.

கட்டி உண்மை என்றால், என்னிடம் சொல்லாமல் ஊரான் வேனில் ஏறிப் போவாளா? பரவாயில்லை என்பேனாம். அவள் என்னை என்ன ஆள் என்று நினைத்துவிட்டாள்? நேற்று பூராவும் கூண்டில் அதுதான் மண்டைக்குள் ஓடியது. கீழே நின்றவன் முஷ்டி மூடியதைக் கவனிக்கவில்லை. தூக்கியிருந்த இரும்பு சுவரில் இடித்துவிட்டது. யாருக்கும் அடி இல்லை.

முதலில் பொய், பிறகு நிஜம் என்கிறாளே. அதில் எந்தப் பாதியை நான் எடுத்துக்கொள்வது?

தம்பி

மே 6

கர்த்தருக்குள் அன்பான தம்பிக்கு,

இரும்பு யார் மேலும் படாததற்கு முதலில் ஸ்தோத்திரம். என் ஃப்ரிட்ஜ் இன்னும் ரிப்பேராகத்தான் இருக்கிறது. வேண்டுமானால் வந்து திறந்து பார்.

நேற்று மேடையில் இருந்தவர்கள்: உன் மனைவி, மெக்கானிக், மைத்துனன், பாஸ்டர். ஆமாம், உன் மனைவிதான். நான் பாஸ்டரிடம் போய், தம்பி எழுதியது என் கடிதத்தால் வந்த தப்பு, அதை நான் ஏற்றுக்கொள்கிறேன் என்றேன். அவளிடம் ஒரு நிபந்தனை போட்டேன். இனித் தலை குனிந்து மறைக்கக் கூடாது, சபைக்குச் சொல்லிவிட்டுத்தான் பாட வேண்டும். அவள் மைக்கைப் பிடித்து, அந்தக் காற்றுக் குரலில் சொன்னாள்: "எனக்கு மேல் குரல் போயிடுச்சு. டாக்டர்கிட்ட பாத்துட்டு இருக்கேன். இன்னைக்கு ஒரே பாட்டுதான். நான் கை தூக்கினா அந்த வரிய நீங்க பாடுங்க." தையல்காரம்மாவின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். இத்தனை வாரம் கரைந்ததெல்லாம் எதற்கு என்று அவர் கணக்குப் போட்டது எனக்குத் தெரிந்தது. பிறகு, "சரி, பாடுவோம்" என்று புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார்.

நான் ஒரு எண்ணத்தோடுதான் போயிருந்தேன், அதையும் உனக்குச் சொல்லிவிடுகிறேன். இனி அவள் எதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆகவே, இன்று அந்த வரியில் அவள் அழுதால் அது நிஜம், அழாவிட்டால் இதுவரை அழுததெல்லாம் பொய். இதைவிட நல்ல சோதனை கிடைக்காது. உனக்கு நிச்சயமாக ஒரு பதில் எழுதிவிடலாம். கண்ணை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பாட்டு ஏறியது. அவள் கை மேலே போனது, விரல்கள் மூடின. மெக்கானிக்குக்கு மட்டும் என்றிருந்த அடையாளம் இப்போது எனக்கும்தான். நான் பாடினேன். உதட்டை அசைக்கவில்லை, பாடினேன். பெஞ்சே திரும்பிப் பார்த்திருக்க வேண்டும், ஏனென்றால் பாட்டு முடிந்ததும் உன் அத்தான் விழித்துக்கொண்டு, "யாரு அது?" என்று கேட்டார். தையல்காரம்மா, "இன்னைக்கு உங்களுக்கு அபிஷேகம் ஜாஸ்தி" என்றார். என் முகம் நனைந்திருந்தது. அது பக்தியா, இத்தனை பேர் என் குரலைக் கேட்கிறார்கள் என்ற மிதப்பா, ஒரு கை மூடியதற்குக் கீழ்ப்படிந்ததா என்று வீடு வரும் வரை என்னையே விசாரித்தேன். நான் எனக்கும் பிடி கொடுக்கவில்லை.

அந்த வரி வந்தபோது அவள் அழுதாளா என்று கேட்பாய். தெரியாது, தம்பி. அந்த நேரத்தில் என் கண் மூடிவிட்டது. இந்த முறை சாட்சி சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

எந்தப் பாதியை எடுத்துக்கொள்வது என்று கேட்டிருந்தாய். கீழே நிற்பவன் மனம் சுத்தமாக இருக்கிறதா, வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தானா என்று விசாரித்த பிறகா நீ அவ்வளவு கனத்தைத் தூக்குகிறாய்? அவன் கையைப் பார்த்துத் தூக்குகிறாய். அவள் எனக்குச் சொன்னது, பொய் என்ற பாதியையும் சேர்த்து, அவளாகச் சொன்னது. நான் பிடுங்கவில்லை.

எனக்குக் கோபமாக எழுது, பொறுத்துக்கொள்வேன். அவளுக்கு முதலில் எழுது. போன் செய்தால் பாடச் சொல்லாதே. பரவாயில்லை என்றும் சொல்லாதே. குரல் கட்டையாக, பாதி காற்றாக வரும். அவள் சொல்லி முடிக்கும் வரை வைக்காமல் கேள்.

ஜூனில் வருகிறாயா, இல்லையா? அவள் உன் சட்டைகளைப் பெட்டியிலிருந்து எடுத்து வெயிலில் போட்டிருக்கிறாள். வரமாட்டாய் என்றால் அதையாவது நான் அவளிடம் சொல்ல வேண்டும். சீக்கிரம் பதில் எழுது.

அக்கா